காலில் கட்டிய மணிகள்

கம்பளை
02.02.2025

என் இன்ஷிரா,

அரூஸ் நானா பார்சலை என் வீட்டுக்காரர் ரவிகுமாரின் போன் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உன் கணவரிடம் என் நன்றியைச் சொல். அது வீட்டுக்கு வந்ததும், பிள்ளைக்குச் சோறூட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டுப் பாயில் கொட்டிவிட்டேன். திகனவில் இவ்வளவு சாமான் உடைகிறதா? அறுந்த மாலைகள், ஒற்றைத் தோடுகள், சல்வாரிலிருந்து உதிர்ந்த கண்ணாடிச் சில்லுகள், த்ரீவீலர் சீட்டில் விரிக்கிற மரமணிப் பாய் ஒன்று முழுசாக! அந்தப் பாயிலிருந்தே ஐந்தாறு மாலை எடுக்கலாம். பிலிமத்தலாவை பித்தளைக் கடைகளில் கேட்டு வாங்கிய வெட்டுத் துண்டுகளும் கையில் இருக்கின்றன. இந்த மாதம் என் ஊசிக்கு ஓய்வில்லை.

"வாட்ஸ்அப்ல பேசாம எதுக்குக் கடிதாசி?" என்று ரவிகுமார் சிரிக்கிறார். போனில் எழுதுவதை நான் அனுப்பிய கையோடு அழித்துவிடுவேன் என்று உனக்குத்தான் தெரியும். 'பிள்ளை இன்னும் நிற்கவே இல்லை' என்று எத்தனை தடவை எழுதி அழித்திருப்பேன்! பார்சலுக்குள் வைத்து ஒட்டிவிட்டால் அழிக்க வழியில்லை. பேராதனையில் படிக்கும்போது உன் தலையணைக்கடியில் துண்டுக் கடிதம் வைத்துவிட்டு விரிவுரைக்கு ஓடுவேனே, அந்த மாதிரித்தான்.

நிதர்ஷிக்கு ஒன்றரை வயதாகப் போகிறது. கிளினிக் மிஸ்ஸி, "பயப்பட ஒண்ணுமில்லம்மா, சில புள்ளைங்க லேட்டாதான் நடக்கும்" என்கிறார். மேல்வீட்டு அக்கா, "எங்க தம்பி மகன் பத்து மாசத்துல ஓடுனான்" என்கிறார். விஞ்ஞானம் படித்த நான் யாரை நம்ப வேண்டும்? மேல்வீட்டு அக்காவைத்தான் நம்புகிறேன்.

இனி நல்ல செய்தி. நீ அனுப்பியதில் தேன் நிறத்தில் உருண்டை மணிகள் கொஞ்சம் உதிரியாகக் கிடந்தன. என்ன வழவழப்பு! யாரோ பல வருஷம் கையில் வைத்துத் தேய்த்த மாதிரி. அவற்றை விற்க மனசு வரவில்லை. இடையிடையே பித்தளைத் துண்டு வைத்து, தூண்டில் நைலோனில் கோத்து, நிதர்ஷிக்கு இரண்டு காலுக்கும் கொலுசு செய்தேன். அவற்றோடு கிடந்த நீளமான மணியை வலது காலில் தொங்கவிட்டேன். முடிச்சு ஒவ்வொன்றையும் பல்லால் இழுத்துப் பார்த்தேன். நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் போடுகிறேன். ஒரு மணி கழன்று வாய்க்குப் போனால் என்ன செய்வது என்ற என் பயம் உனக்குப் புதிதல்ல, விடு.

போட்டதும் காலை உதறினாள். சத்தம் வந்தது. மறுபடி உதறினாள். பிறகு அலுமாரியைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள், இன்ஷிரா! நின்றாள்! அந்தச் சத்தத்துக்காகவே நின்று நின்று காலைத் தட்டுகிறாள்.

உனக்கு ஒரு சோடி தோடு வைத்திருக்கிறேன். பழைய இயர்ஃபோன் வயரைச் சுற்றிச் செய்தது. போட்டுக்கொண்டு படம் அனுப்பு.

உன்,
சர்மிளா


திகன
11.02.2025

அன்புள்ள சர்மி,

உனக்கும் உன் வீட்டாருக்கும் சாந்தி உண்டாகட்டும்.

நிதர்ஷி நின்றாள் என்று வாசித்ததும் குசினியில் நின்றபடியே கத்திவிட்டேன். என் மகன் ஹுதைபா பயந்துபோய் பாலைக் கொட்டினான். "என்ன, கம்பளை மகாராணி எழும்பிட்டாவா?" என்று அரூஸ் முன்னறையிலிருந்து கேட்டார். தோடு எல்லோருக்கும் பிடித்துப்போனது. இயர்ஃபோன் வயர் என்று சொன்னதும் ரபீகா சாச்சி காதைக் கிட்டக் கொண்டுவந்து, "பாட்டுக் கேக்குதா புள்ள?" என்கிறாள்.

இவ்வளவும் எழுதியது, அடுத்ததை எழுதத் தயங்கித்தான்.

நேற்று கைரியா மாமி கேட்டார்: "மருமகள், அந்தக் கம்பளைப் புள்ள என்ட தஸ்பீஹக் கோத்து அனுப்பல்லயா இன்னம்?"

"எந்த தஸ்பீஹ் மாமி?"

"நூல் அறுந்து போச்சிண்டு அலுமாரிக்கு மேல ஈக்கிற டின்ல போட்டேனே. மணி கோக்கிற புள்ளதானே, அவக்குத் தெரியும்தானே."

அந்த டின் உனக்கென்று நான் வைத்தது. அக்கம்பக்கத்தார் வந்து உடைந்ததையெல்லாம் அதில் போட்டுவிட்டுப் போவார்கள். அதில் விழுந்தது எதுவும் பழைய உருவத்தில் திரும்பி வராது என்று மாமிக்கு யாரும் சொல்லவில்லை. அவர் உன்னைப் பழுது பார்க்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திறந்து பார்க்காமல் அப்படியே பைக்குள் கவிழ்த்தேன்.

மாமா மக்காவிலிருந்து கொண்டுவந்த தஸ்பீஹ் மாலை அது. அவர் மௌத்தாகி எங்களை விட்டுப் போனதிலிருந்து மாமி தொழுத பாயில் உட்கார்ந்து அதில் எண்ணித்தான் ஓதுவார். இப்போது விரலை மடித்து எண்ணுகிறார், நடுவில் எண்ணிக்கை தவறி மறுபடி தொடங்குகிறார். நீ வலது காலில் தொங்கவிட்டாயே நீள மணி, அதுதான் தஸ்பீஹின் தலை.

எனக்குக் கோபமில்லை. காலில் கட்டியதை மாமியிடம் சொல்லவில்லை. "கேட்டுப் பாக்கிறேன் மாமி" என்று மட்டும் சொன்னேன். நோன்பு வரப்போகிறது. அதற்குள் கையில் வேண்டும் என்கிறார். அனுப்பிவிடு, சர்மி.

உன்,
இன்ஷிரா


கம்பளை
16.02.2025

இன்ஷிரா,

நாலு வருஷம் உன்னோடு ஒரே அறையில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே. நீ விரலில் மாட்டுகிற பட்டன் கவுண்டரில் எண்ணுவதைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் ஓதுகிற பொருளைக் காலில் கட்டிவிட்டேன். எங்கள் சாமியறை உருத்திராட்சத்தை யாராவது அப்படிக் கட்டியிருந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

உன்னிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். உன் கடிதம் கிடைத்ததும் நான் அதைக் கழற்றவில்லை. இன்னும் ஒரு நாள் நிற்கட்டும், நாளைக்கு ஒரு எட்டு வைத்துவிட்டால் கழற்றிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். கொலுசைக் கழற்றினால் நிற்பதை மறந்துவிடுவாளோ என்று பயம். சத்தம் கேட்கும்போதெல்லாம் உன் மாமி விரலை மடித்து எண்ணுவது கண்ணுக்குள் வந்தது. நேற்றுக் காலை நைலோனை வெட்டிவிட்டேன்.

வெட்டிய வேகத்தில் மணிகள் சிதறிவிட்டன. ஒன்றைக் காணவில்லை. அலுமாரியை நகர்த்தி, ரவிகுமார் போன் வெளிச்சத்தில் குப்புறப் படுத்துத் தேடினார். பிள்ளை விழுங்கிவிட்டாளோ என்று டொக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "பிள்ளை நல்லா இருக்கு, அம்மாதான் தண்ணி குடிக்கணும்" என்றார். நான் இன்னும் நாப்பியைக் கிளறிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சிரிக்காதே.

மிச்ச எல்லாம் இந்தச் சிறு போத்தலில் இருக்கின்றன. கோத்து அனுப்பவில்லை. முறை தெரியாமல் இரண்டாம் தடவையும் பிழை விடக்கூடாது. கூடவே ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் மணி இருக்கும். அது நிதர்ஷி பிறந்தபோது கையில் போட்டிருந்த காப்பில் இருந்தது. காணாமல் போனதற்கு ஈடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மாமியிடம் சொல்லிவிடு, காலில் கட்டியதையும் சேர்த்து. தெரியாமல் அவர் அதை நெற்றியில் ஒற்றிக்கொள்வதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

நிதர்ஷி நேற்றிலிருந்து எழும்பவில்லை. உட்கார்ந்தபடி வெறுங்காலை உதறிப் பார்க்கிறாள். சத்தம் வராததால் என்னைப் பார்க்கிறாள்.

சர்மிளா


கம்பளை
04.03.2025

இன்ஷிரா,

நோன்பு தொடங்கிவிட்டது. உங்கள் எல்லோருக்கும் நல்லபடியாகக் கழியட்டும்.

அரூஸ் நானா நேற்றுக் கடைக்கு வந்து போனாராம். பார்சல் இல்லை, கடிதமும் இல்லை. "வீட்ல எல்லாரும் சுகம்தான்" என்றாராம். ரவிகுமார் அதற்கு மேல் கேட்கவில்லை. இவருக்கு எதைத்தான் கேட்கத் தெரியும்?

மணி கோத்து மூன்று வாரமாகப் போகிறது. ஊசியைத் தொட்டால் பயமாக இருக்கிறது. யார் எதை எதற்காகப் போட்டார்களோ என்று ஒவ்வொரு மணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுவிடுகிறேன். மாமி இனி எனக்குச் சாமான் அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அதையாவது எழுது. சும்மா இருக்காதே.

சர்மிளா


திகன
12.03.2025

என் சர்மி,

மன்னித்துக்கொள். சும்மா இருந்தது மாமி இல்லை, நான்தான். நீ சொல்லச் சொன்னதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போத்தலை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு, இன்றைக்குச் சொல்வோம் நாளைக்குச் சொல்வோம் என்று நோன்பு வரைக்கும் இழுத்துவிட்டேன். நீ நாலாம் திகதி எழுதியதை அரூஸ் கொண்டுவந்து கொடுத்த கையோடு போத்தலை எடுத்துக்கொண்டு மாமியிடம் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மாமி மணிகளைக் கோப்பையில் கொட்டிக் கழுவினார். துவாயில் பரப்பினார். ளுஹர் தொழுதார். நான் இஞ்சி அரைக்கிற சாட்டில் குசினியிலேயே நின்றேன்.

பிறகு கூப்பிட்டார். "அந்தப் புள்ள இப்ப நிக்கிதா?"

"இல்ல மாமி. கழட்டினதிலேருந்து நிக்கல்லயாம்."

"தொழுற சாமானக் காலுல கட்டக்கூடாதுதான்" என்றார். "தெரியாமச் செஞ்சதுக்கு என்ன செய்யேலும்? புள்ளட கால்தானே. பாவத்துக்கு ஒரு எட்டு வெக்காத கால். அத விட சுத்தமான எடம் நம்ம ஊட்ல எங்க ஈக்கி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னத்துக்கு அழுற? நூலக் கொண்டா" என்றார்.

உட்கார்ந்து தானே கோத்தார். ஒன்று குறைந்தது. "கடையில இதே நிறத்துல எடுக்கலாம் மாமி" என்றேன். மாமி உன் மஞ்சள் மணியை எடுத்தார்.

"மாமி, அது பிளாஸ்டிக்."

"எனக்குக் கண் தெரியாதா? பிளாஸ்டிக்ல எண்ண ஏலாதா?"

இப்போது தொழுத பிறகு ஓதும்போது, மஞ்சள் மணி விரலுக்கு வந்ததும் மாமியின் கை கொஞ்சம் நிற்கிறது. உதடு வேறு விதமாக அசைகிறது. ஏன் என்று கேட்டேன். "அந்த மணிக்கு மட்டும் அந்தப் புள்ளட பேர் செல்லி துஆ கேக்கிறேன். பேர எழுதித் தா, எனக்கு வாயில நிக்குதில்ல." எழுதிக் கொடுத்தேன். தொழுகைப் பாய்க்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

இனி டின்னில் சாமான் போட வருகிறவர்களைப் பிடித்து, "பழுது பாக்கவா, பிச்சிப் போடவா?" என்று மாமியே விசாரிக்கிறார். இந்தத் தடவை பை பாரமாக இருக்கும். ஒவ்வொன்றும் கேட்டு வாங்கியது. பயப்படாமல் ஊசியை எடு.

பெருநாளைக்கு உங்களை வரச் சொன்னார். நான் சொல்லவில்லை, அவரே சொன்னது.

உன்,
இன்ஷிரா


கம்பளை
23.03.2025

என் அன்பு இன்ஷிரா,

உன் கடிதத்தை ரவிகுமாருக்கு வாசித்துக் காட்டினேன். 'பாவத்துக்கு ஒரு எட்டு வெக்காத கால்' என்ற இடத்தில் அவர் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். கண்ணில் தூசியாம்.

பையைப் பிரித்துவிட்டேன். ரபீகா சாச்சியின் அறுந்த முத்துமாலையும் உன் பழைய மணிக்கூட்டுப் பட்டியும் சேர்ந்து ஒரு காப்பாகிவிட்டன. அதை ரபீகா சாச்சியிடம் கொடு, பாட்டுக் கேட்காது என்றும் சொல்.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். நான் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோத்துக்கொண்டிருந்தேன். நிதர்ஷி அலுமாரி மூலையில் தவழ்ந்து கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் அவள் பிடி இறுகி இருக்கிறது. விரலிடுக்கில் தேன் நிறம்! அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரோர வெடிப்பில் கிடந்ததை நோண்டி எடுத்திருக்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. வாயில் போட்டுவிடுவாளோ என்று, "தா... அம்மாக்கிட்டத் தா, தங்கம்" என்று கையை நீட்டிக்கொண்டு அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணிமைக்கவில்லை. பிடி கிட்ட வந்தது, இன்னும் கிட்ட வந்தது. என் உள்ளங்கையில் மணியை வைத்தாள்.

"ஏய் சர்மி, பாத்தியா?" என்று ரவிகுமார் கதவுக்குப் பக்கத்தில் நின்று கத்தினார்.

"பாத்தேன் பாத்தேன், வாயில போடல" என்றேன்.

"அட லூசு, புள்ள நடந்து வந்துச்சு!"

அலுமாரியிலிருந்து என் மடி வரைக்கும் நடந்திருக்கிறாள். ஒன்றையும் பிடிக்காமல், காலில் ஒன்றும் இல்லாமல். மாதக்கணக்காக அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அது நடந்த நேரத்தில் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பதா அழுவதா தெரியாமல் இரண்டையும் செய்தேன். நல்ல வேளை, பின்னேரம் மறுபடி நடந்தாள். அப்போது காலை மட்டும்தான் பார்த்தேன். கோணல் நடை, உன் ஹுதைபா செருப்பை மாற்றிப் போட்டு நடக்கிற மாதிரி.

மணி கிடைத்ததை மாமியிடம் இப்போது சொல்லாதே. சொன்னால் மஞ்சளைக் கழற்றிவிட்டு இதைக் கோக்க நினைப்பாரோ என்று எனக்குள் ஒரு பயம். சிரி, பரவாயில்லை. மாமி என்ன முடிவு எடுத்தாலும் சரி. ஆனால் இதைப் பார்சலில் அனுப்ப மாட்டேன். பெருநாளன்று உங்கள் வாசலில் பிள்ளையை இறக்கிவிடுகிறேன். அவளே உள்ளே நடந்து வந்து மாமியின் கையில் கொடுக்கட்டும்.

வழியில் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள நான் பின்னாலேயே குனிந்துகொண்டு வருவேன்.

என்றும் உன்,
சர்மிளா