சின்னவன் திறக்க முடியாத பூட்டு

அன்பு மகள் பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனில் பேசினால் அவள் காதில் விழும், நான் சொல்லி முடிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இத்துடன் வரும் பார்சலில் ஒரு பூட்டு இருக்கிறது. உன் வாசல் கதவுக்கு. உள்ளே இருக்கும் தகடுகளை நானே அரத்தால் ராவி மாற்றியிருக்கிறேன். ஆசாரியைக் கூப்பிட்டு இந்த வாரமே மாட்டிவிடு. மற்ற பூட்டு எதுவானாலும் உன் தம்பி ஒரு கம்பியை வைத்தே திறந்துவிடுவான். தொழிலில் என்னையே தூக்கிச் சாப்பிடுகிறவன், உனக்குத் தெரியாததா?

போதை மறுவாழ்வு இல்லத்திலிருந்து வந்தபோது நன்றாகத்தான் இருந்தான். 'இனிமே அந்தக் கருமத்தைத் தொட மாட்டேன்ப்பா' என்றான். வேளைக்குச் சாப்பிட்டான், கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. நம் தெரு கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் புதுப் பூட்டு மாட்ட அவனைத்தான் அனுப்பினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வாத்தியாருக்குப் புற்றுநோய். வலி மாத்திரை இல்லாமல் அவரால் இருக்க முடியாது. இவன் அவர்களிடம் சாவியைக் கொடுத்ததோடு தனக்கும் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டிருக்கிறான். வாத்தியார் மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து உள்ளே போய், மாத்திரை மொத்தத்தையும் எடுத்துவிட்டான். வாத்தியார் விழித்துத்தான் இருந்திருக்கிறார். 'தம்பி, எனக்கு ரெண்டு மாத்திரையாவது வெச்சிட்டுப் போப்பா' என்று கேட்டாராம். இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

போதை தருகிற மாத்திரை என்பதால் அது நினைத்தவுடன் கடையில் கிடைக்காது. கிடைக்கும்வரை அவர் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அந்த அம்மா போலீசுக்குப் போகவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. 'உங்க பூட்டைக் கழட்டிட்டுப் போயிடுங்க' என்று மட்டும் சொன்னார். வெட்கத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. அதன் பிறகு பட்டறையைத் திறக்கவில்லை. இனி யார் வீட்டுச் சாவியை எந்த முகத்தோடு கேட்பேன்?

அன்று போனவன் வீட்டுக்கே வரவில்லை. நேற்று உன் அத்தை மகனிடம் உன் புது விலாசத்தை வாங்கியிருக்கிறான். அக்காவைப் பார்க்கிற ஆசையும் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ நர்ஸ். வார்டு மருந்து அலமாரிச் சாவி உன் கைப்பையில் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தாலே போதும், மறுநாள் அதே மாதிரி ஒன்று வெட்டிவிடுவான். மாப்பிள்ளையிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடு, மறைக்காதே.

அவன் வருவான். 'அக்கா, பசிக்குது' என்பான். அழுவான். அது நடிப்பாகவும் இருக்காது, அதுதான் கொடுமை. திறக்காதே, கண்ணு. திறந்தால் உன் வார்டில் யாரோ ஒருவர் வாத்தியார் மாதிரி கிடந்து துடிப்பார். இந்த ஒரு விஷயத்தில் அப்பா பேச்சைக் கேள்.

பாப்பாவுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் கதவில் வெளியே பார்க்க ஒரு துளை இருக்கிறதல்லவா? அவன் வந்தால் அது வழியாக நன்றாகப் பார். காலில் செருப்பு போட்டிருக்கிறானா, எவ்வளவு இளைத்திருக்கிறான் என்று எனக்கு எழுது.

உன் அப்பா