கையெழுத்துப் போடாத விமானம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி இப்போது தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது. பயப்பட ஒன்றுமில்லை. இறங்கிய விமானத்தை நாற்பதே நிமிடத்தில் மறுபடி கிளப்ப வேண்டும் என்பது எங்கள் கம்பெனியின் புதுத் திட்டம். அன்று நான் சோதித்த விமானத்தின் சக்கரத்தில் முடியளவு விரிசல் தெரிந்தது. பறக்கலாம் என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன்.

"வெறும் கீறல்தாம்மா, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார் மேனேஜர்.

"அதுவரைக்கும் தாங்கும்னு நீங்க எழுதிக் குடுங்க சார்" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். உள்பக்கம் விரிசல் விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. அதைத் தடவிப் பார்த்தவர், "நல்லவேளை, நீ பிடிவாதக்காரி. நாப்பது நிமிஷக் கதையை மேலிடத்துல நான் பேசிக்கிறேன்" என்றார்.

மூன்று மணி நேரம் காத்திருந்த பயணிகள் என்னைத் திட்டிக்கொண்டே படியேறினார்கள். அவர்கள் பத்திரமாக இறங்கிய செய்தி வந்த பிறகுதான் நான் சாப்பிடப் போனேன்.

என் பழைய ஸ்வெட்டரை அனுப்புங்கள். வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் போனில் பதிவு செய்து அதையும் அனுப்புங்கள். சண்டையானாலும் பரவாயில்லை, என் அறையில் போட்டுக் கேட்பேன். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்