தொட்டி மூடிமேல் இருந்தேன்

கண்டி,
ஆடி, சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கௌசிகா எழுதுவது,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் நோ குறைந்ததா?

பெரஹரா ஊர்வலம் பார்க்க ஆட்கள் வருவதற்குள் எங்கள் ஹோட்டலின் கழிவுத் தொட்டியைத் துப்புரவாக்க வேண்டியிருந்தது. உள்ளே யார் இறங்குவதானாலும், காற்றைச் சோதித்து அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பது என் வேலை. வியாழக்கிழமை மீட்டரை உள்ளே விட்டதும் நச்சு வாயு என்று கத்தியது.

மனேஜருக்கு அவசரம். "கையெழுத்த மட்டும் போடுங்க மிஸ், சட்டுன்னு ஏறிருவாங்க" என்றார்.

"வைக்க மாட்டன். அவசரமெண்டா நீங்களே இறங்குங்கோ" என்றேன்.

வேறு ஆளைக் கொண்டு கையெழுத்து வைப்பிக்கிறேன் என்று போனார். நான் மூடியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி இருந்துவிட்டேன். மழையும் பிடித்தது. தொட்டிக்குள் இறங்கவிருந்த, ஹுன்னஸ்கிரிய ஊர்க் கறுப்பையா அண்ணன் குடை பிடித்தபடி, "எந்திரிக்காதீங்க தங்கச்சி" என்றார்.

இரவெல்லாம் மின்விசிறியால் காற்றடித்து, மறுநாள் மீட்டர் அடங்கிய பிறகுதான் கையெழுத்து வைத்தேன். இறங்கியவர்கள் எல்லோரும் ஏறி வந்தார்கள். மனேஜர் என்னோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும். மழையில் நனைந்ததில் எனக்குக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

அம்மா, உங்கள் மிளகாய்த்தூளைப் பஸ்ஸில் கொடுத்து விடுங்கள். அறையில் நான் ஒருத்தி என்றாலும் கெதியாய் முடிந்துவிடுகிறது.

அப்பா, கிணறு வற்றினால் தண்ணீர் இறைக்கிற மெஷினை உள்ளே இறக்கி, அதன் நச்சுப் புகைக்குள் நீங்கள் நிற்பது எனக்குத் தெரியும். "காலங்காலமாச் செய்யிறம்" என்று சொல்லாதீர்கள். அந்தக் கிணற்றுக்கு நான் கையெழுத்து வைக்கவில்லை. மீறி இறங்கினால், லீவு போட்டு வந்து கிணற்றுக்கட்டில் ஏறி இருப்பேன்.

வேலைக்கு நேரமாகிறது.

கௌசிகா