உன் வில்லாளி மேல் விழுந்த தீ

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, போதுமான அளவு தூங்கி, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்ற நம்பிக்கையோடு இதைத் தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் ஆளுக்கு ஆள் பிரித்தே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கண்ணாடிக் கடையில் உயரமான நாற்காலி ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் உட்கார்ந்து வெட்டினால் கோடு நேராக வரவில்லை என்று வீட்டுக்கு வந்து என்னிடம் புலம்புகிறார், நான் என்னவோ அவர் முதலாளி மாதிரி. எனக்குப் பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் அதே மேஜை, அதே தொலைபேசி. பல்வலிக்காரர்களிடம் நாள் முழுக்கப் பதமாகப் பேசிவிட்டு வருவதால் வீட்டில் பேசப் பொறுமை மிச்சமிருப்பதில்லை. உன் தம்பி மறுபடி பட்டறைக்குப் போகிறான். இயந்திரத்தில் இன்னும் நிற்கவிடவில்லை, சாமான் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். கண் டாக்டர் மற்றொரு கண் நல்ல நிலையில் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

போன தடவை பேசியபோது நீ ஒரு கேள்வி கேட்டாய், நான் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. தம்பி ஏன் என்னோடு பேசமாட்டேன் என்கிறான், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் குளிக்கிறான், தூங்குகிறான், கடைக்குப் போயிருக்கிறான் என்று ஆளுக்கொன்று சொல்கிறீர்களே, கண் போன விஷயத்தில் என்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டாயே, உன்மேல் அவனுக்கு என்னடி கோபம். ஆட்டத்தில் அவன் உன் வில்லாளியை எரித்துவிட்டான், அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். போனில் சொன்னால் நடுவில் நீ அழுது நானும் அழுது கதை பாதியில் நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். அவனிடமும் சொல்லிவிட்டேன், அக்காவுக்கு எழுதப்போகிறேன் என்று. எழுதாதே என்று சொல்லவில்லை, எழுந்து வெளியே போய்விட்டான்.

நீ போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை மதியம், பொம்மையும் பகடையும் வைத்து ஆளுக்கொரு வேடமெடுத்துக் கதை ஆடுகிற உங்கள் கூட்டம் நம் சாப்பாட்டு மேஜையில் கூடிக்கொண்டுதான் இருந்தது. உன் இடத்தில் கதையை நடத்துவது இப்போது அளவுகோல்தான். கட்டட வரைபடம் போடுகிற பையனுக்கு நீ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது, இப்போது அவன் அம்மாவே அவனை அளவுகோல் வந்தானா என்றுதான் கேட்கிறாளாம். நர்ஸ் பெண் ஆடுகிற வைத்தியச்சி அப்படியே இருக்கிறாள். ஆள் குறைகிறதே என்று கோடாலிக்காரக் குள்ளனாக அப்பாவை இழுத்துப் போட்டோம், அவர் குள்ளன் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் படுக்க இடம் தேடுகிறான். நீ கதை நடத்திக்கொண்டே ஆடிய உன் வில்லாளியை மட்டும் யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, நானே ஆடினேன். நன்றாகவே ஆடினேன் என்று நர்ஸ் பெண் சொன்னாள். தம்பிக்கு எப்போதும்போல் மந்திரவாதி, தூரத்திலிருந்து தீயெறிகிறவன்.

அந்தத் தீயை வைத்து நீயும் அளவுகோலும் அடித்துக்கொண்டது எனக்கு மறக்குமா. இது கதைடா, மந்திரத்துக்குப் போய் டேப் பிடிச்சு அளப்பியா என்று நீ கத்துவாய். எவ்வளவு தூரத்துல இருந்து எறிஞ்சாலும் குறி தப்பாதுன்னா வில்லு எதுக்கு, வாளு எதுக்கு, எல்லாரும் வீட்டுல உட்காரலாம், மந்திரவாதி மட்டும் போயிட்டு வரட்டும் என்று அவன் கத்துவான். எனக்கு ரெண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது, அதனால் டீ போடப் போய்விடுவேன். நீ ஊருக்குப் போனதும் அவன் தன் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டான். மேஜையில் பொம்மைகள் நிற்கும், தீ எறிகிறவன் பார்த்த மாத்திரத்தில் தூரம் எத்தனை சாண் என்று வாயால் சொல்லவேண்டும், அதற்கப்புறம்தான் டேப். சொன்ன தூரத்தில்தான் தீ வெடிக்கும், அங்கே எதிரி நின்றாலும் சரி, நம் ஆள் நின்றாலும் சரி. கேட்டபோது எல்லோருக்கும் பிடித்திருந்தது, தம்பிக்குத்தான் ரொம்பப் பிடித்தது. பட்டறையில் வளர்ந்த கண் இல்லையா, அவன் சொன்னால் சொன்ன இடத்தில் டேப் நிற்கும். அப்புறம்தான் பட்டறையில் அந்தச் சாணைக்கல் உடைந்து அவன் கண்ணில் தெறித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உடம்பு தேறி, நானும் ஆட வரேன் என்று அவனே மேஜைக்கு வந்து உட்கார்ந்தபோது எங்களுக்கு வந்த சந்தோஷத்தில் ஒருவருக்கும் அந்தச் சட்டம் ஞாபகம் வரவில்லையடி. அவனுக்கும்தான்.

அன்றைக்குப் பாலத்துச் சண்டை. அந்தப் பக்கத்திலிருந்து ஓநாய் முகக்காரர்கள் வருகிறார்கள், நடுப்பாலத்தில் உன் வில்லாளி நிற்கிறாள், அதாவது நான் நிற்கிறேன், குள்ளன் ஒரு தூணுக்குப் பின்னால் ஓய்வெடுக்கிறான். தம்பி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தான், மேஜை விளிம்பைக் கையால் தடவினான், ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு ஒரு தூரத்தைச் சொன்னான். பகடையும் நன்றாகத்தான் விழுந்தது, பெரிய தீ. அளவுகோல் டேப்பை நீட்டினான், நீட்டியவன் பாதியிலேயே நிறுத்தினான். எனக்கு அப்போதும் புரியவில்லை. தீ எதிரிகளுக்கு எவ்வளவோ முன்னாலேயே விழுந்திருந்தது, உன் வில்லாளியின் காலடியில். அளவுகோல் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, டேபிள் ஆடிடுச்சுடா, நீ இன்னொரு தடவை சொல்லு என்றான். ஏன், மத்தவங்களுக்கு இப்படி ரெண்டாவது தடவை குடுப்பியா என்று தம்பி கேட்டான். அப்பா சும்மா இருந்திருக்கலாம், நிலைமையைச் சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு, குறி பாக்கிறவன் எல்லாம் ஒரு கண்ண மூடிக்கிட்டுத்தானே பாக்கிறான் என்று சொல்லிவிட்டார். தம்பி கோபப்படவில்லை. திசை தெரியுதுப்பா, தூரம்தான் தெரியல என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான்.

நர்ஸ் பெண் உடனே தன் வைத்தியச்சியை ஓட வைத்து வில்லாளிக்கு மருந்து ஊற்றினாள். உயிர் இருக்கு, ஒண்ணும் ஆகல, ராத்திரி முகாம்ல தூங்கி எழுந்தா சட்டப்படி எல்லாக் காயமும் ஆறிடும், காலையில அவ புதுசா எழுந்து நடப்பா என்றாள். அவள் நல்ல மனதோடு சொன்னதுதான். தம்பி பகடைகளைப் பையில் போட்டு நாடாவை இழுத்துக் கட்டினான். ஒரு ராத்திரி தூங்கினா எல்லாம் சரியாயிடுமா, எனக்கு ஆகலையே என்றான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கண் போன நாளிலிருந்து அதைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான். ஆஸ்பத்திரியில்கூட எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தானே, அந்தச் சிரிப்பை நீயே போனில் கேட்டாயே. எங்களுக்காகத்தான் அப்படி இருந்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்கப்புறம் சில வாரம் மேஜையில் பொம்மை ஏறவில்லை. நீ கூப்பிடும் நேரம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அக்கா திரும்பி வர்ற வரைக்கும் அவ வில்லாளிய பத்திரமா பாத்துக்கிறேன்னு சொன்னேம்மா என்று ஒரு நாள் அடுக்களையில் என்னிடம் சொன்னான், அதோடு சரி. டீ ஊற்றிக்கொண்டிருந்தான் அப்போது. முதலில் கெட்டிலின் மூக்கைக் கோப்பை விளிம்பில் மெதுவாகத் தொட வைத்து, தொட்டது தெரிந்ததும் சாய்க்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் மேஜையெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தவன் எப்போது இதைக் கற்றுக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது. பார்க்காத மாதிரி நின்றுகொண்டேன்.

பிறகு ஒரு நாள் வேலை முடிந்த கையோடு அளவுகோல் வந்தான். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என் புத்திய செருப்பால அடிக்கணும்மா, அந்தச் சட்டத்தை இன்னியோட தூக்கிட்டேன், இனிமே பகடை விழுந்தா தீ படும், அவ்வளவுதான், அவன்கிட்ட சொல்லிடுங்க என்றான். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது, நீயும் ஆரம்பத்திலிருந்து அதைத்தானே சொன்னாய். ஆனாலும் என்னவோ ஒன்று இடித்தது. தனக்காகத்தான் தூக்கினான் என்று தம்பிக்குத் தெரியாமல் போகுமா. என்கிட்ட ஏன் சொல்ற, போய் அவன்கிட்டயே கேளு, உள்ளதான் இருக்கான் என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டு அந்த அறை வாசலில் நின்றேன், இதில் என்ன மறைக்க இருக்கிறது, ஒட்டுத்தான் கேட்டேன்.

தம்பி குரல்தான் எழும்பியது. பாவம் பாத்து தூக்குறியா, தூரமே கணக்கில்லன்னா நான் ஒருத்தனே எல்லாரையும் எரிச்சிடுவேன், அப்புறம் அம்மா எதுக்கு வில்லைத் தூக்கிட்டு வரணும், நீதானே அக்காகிட்ட அப்படிச் சண்டை போட்ட, இப்ப உன் சட்டத்துக்கு நான் வக்காலத்து வாங்கணுமா என்று கேட்டான். பிறகு என்னதாண்டா பண்ணச் சொல்ற என்று அளவுகோல் அழுதேவிட்டான். அதற்குத் தம்பி சொன்னதுதான் நீ கேட்கவேண்டியது. மந்திரவாதி முதலில் ஒரு சின்னத் தீப்பொறியை எறியட்டும், அது யாரையும் சுடாது, எங்கே விழுந்தது என்று மட்டும் தெரியும், அதைப் பார்த்து அடுத்த முறை பெரிய தீயை எறியட்டும் என்றான். அளவுகோலுக்கு அழுகையிலும் புத்தி அந்தப் பக்கம்தான் போகிறது பார், அப்ப ஒரு முறை வீணாகும், பொறி பறக்கிறதைப் பாத்து எதிரிக்கும் நீ நிக்கிற இடம் தெரிஞ்சிடும், பரவாயில்லையா என்று கேட்டான். அதான்டா வேணும், சும்மா கிடைச்சா அது என்ன மந்திரம் என்றான் தம்பி. அவசரமா எறியணும்னா என்று அளவுகோல் விடவில்லை. எறியறேன், தப்பினா தப்பினதுதான் என்றான் இவன். அரைமணி நேரம் இரண்டு பேரும் சந்தைக்கடை மாதிரிக் கத்திக்கொண்டார்கள், நான் துணியைப் போட்டுவிட்டு வந்து நிம்மதியாக உட்கார்ந்தேன்.

உன் வில்லாளி விஷயத்தில்தான் இழுபறி. நடந்ததை நடக்காததாக்கிவிடலாம் என்று நர்ஸ் பெண் சொல்லிப் பார்த்தாள், தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. சாகவும் விடவில்லை, விடிந்ததும் எழுந்து ஓடவும் விடவில்லை. தீக்காயம்னா அதுக்குண்டான நாள் எடுக்கட்டும் என்றான். நர்ஸ் பெண் தீக்காய வார்டில் வேலை செய்தவள் இல்லையா, கொஞ்சம் யோசித்துவிட்டு, அவன் சொல்றது சரிதான், ஆனா நாள் மட்டும் போதாது, தினமும் யாராவது கட்டு மாத்தணும் என்று ஒரு சட்டம் சேர்த்தாள். அதனால் உன் வில்லாளி இப்போது பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஆற்றங்கரை வைத்தியசாலையில் படுத்திருக்கிறாள். வலது கை நாண் இழுக்க வராது, இடது கையால் பழகுகிறாள். பழகலாம் என்று தம்பிதான் சொன்னான். அதுவரை நான் குள்ளனின் தங்கச்சியாக ஆடுகிறேன், அண்ணனை எழுப்புவதே எனக்கு முழுநேர வேலை.

போன ஞாயிறு மறுபடி மேஜை நிறைந்தது. தம்பி முதல் பொறியை எறிந்தான், அது பாதி தூரம்கூடப் போகவில்லை. அவன் குனிந்து பார்த்துவிட்டு, சே, எதிரிக்கே பாவமா இருந்திருக்கும் என்று சொல்லி அவனே முதலில் சிரித்தான். எதிரிகள் அவனைப் பார்த்துவிட்டார்கள், அம்பு வந்தது, தோளில் பட்டது, அளவுகோல் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் கழித்தான். அடுத்த முறை தம்பி இன்னும் கொஞ்சம் தள்ளிச் சொன்னான். டேப் நீண்டது, சரியான இடம். அவன் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் ஏதோ உடைந்துவிட்டது என்று இறங்கி வந்துவிட்டார், அவருக்கும் ஒரு கோப்பை டீ கொடுத்து அனுப்பினோம்.

நீ அவனிடம் பேசும்போது பரவாயில்லைடா, பொம்மைதானே என்று மட்டும் சொல்லிவிடாதே. என் வில்லாளியை என்ன பண்ணி வெச்சிருக்கே என்று நன்றாகத் திட்டு. திட்டு வாங்கத்தான் அவன் இத்தனை நாளாகப் பயந்துகொண்டும் காத்துக்கொண்டும் இருக்கிறான், அது கிடைக்காவிட்டால் ஏமாந்துபோவான். கண்ணைப் பற்றி நீயாக எடுக்காதே, அவன் எடுத்தால் பேச்சை மாற்றாதே. இன்னொன்று, ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் தொடங்கும் முன் அவன்தான் தன் மந்திரவாதியை வைத்தியசாலைக்கு அனுப்பிக் கட்டு மாற்றுகிறான், யாரும் சொல்லவில்லை. அளவுகோலிடம் இன்னிக்கு அவ கை எப்படி இருக்கு என்று கேட்பான். அவனும் கிண்டல் பண்ணாமல், நேத்தைக்கு இன்னிக்குத் தேவல என்று பதில் சொல்வான்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு நல்ல வேலையும் நல்ல மனிதர்களும் நல்ல தூக்கமும் எப்போதும் அமையட்டும், எங்கள் ஆயுசில் பாதி உனக்கு, மீதி உன் தம்பிக்கு. மறந்துவிடாதே, வரும் ஞாயிறு நீ இங்கே கூப்பிடவேண்டாம். கை துறுதுறுத்தாலும் பொறுத்துக்கொண்டு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இரு. அவனே உன்னைக் கூப்பிடுகிறானாம்.

என்றும் உன் நினைவாக,
அம்மா