பெயர் வாசித்த ஞாயிறு

கோம்பை,
நவம்பர் 9

பிரிய மகள் அருள்செல்விக்கு,

அம்மா ஜெயமேரி எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. எலும்பு முறிந்து கிடந்தாலும் நலம் என்றுதான் சொல்வாய். போனில் பேச்செடுத்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். உன்னோடு ரக்பி ஆடும் போடிப் பெண் ஓவியாவையும் இந்திய அணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். நாளை மதுரையில் நீ இருக்கும் கொழும்புக்கு விமானம் ஏறுகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. திராட்சைக்கு மருந்தடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ ஆடும் நாளெல்லாம் உன் பெயரைச் சீட்டில் எழுதிக் கோவில் பீடத்துக்கு முன்னால் இருக்கும் ஜெபப் பெட்டியில் போடுவேன். ஆறு வருடப் பழக்கம். போன ஞாயிறும் அப்படியே போட்டுவிட்டேன். அன்று கல்லறைத் திருநாள். நவம்பரில் அந்தப் பெட்டி இறந்தவர்களுக்கு மட்டும் என்பதை மறந்து தொலைத்தேன். உபதேசியார் சேவியர் ஊருக்குப் புதுசு, உன்னை அவருக்குத் தெரியாது. உன் அப்பா பெயரை வாசித்தார். அடுத்து உன் பெயரை வாசித்தார். நான் எழுந்திருப்பதற்குள் கோவில் மொத்தமும் நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் என்று சொல்லி முடித்துவிட்டது. பழக்க தோஷத்தில் என் வாயும் சேர்ந்து சொன்னது.

பூசை முடிந்து அப்பா கல்லறைக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே இரண்டு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. யார் ஏற்றினார்கள் என்று இதுவரை தெரியவில்லை. எது உனக்கென்று புரியாமல் இரண்டையும் அணைத்தேன்.

அன்று பதினொரு மணி ஆட்டத்தில்தான் எதிரணியின் அந்த உயரமான பெண் உன்னைத் தூக்கித் தலை அடிபடத் தரையில் போட்டாள். போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தவள் எதிரணிப் பெண்களின் வரிசையில் போய் நின்றாய். பிறகு ஒன்றுமில்லை என்று கோச்சுக்குக் கட்டைவிரலைக் காட்டிச் சிரித்தாய். நீ பெரிய கெட்டிக்காரி.

வியாழக்கிழமை வீடியோவில் வந்தாயே, நினைவிருக்கிறதா? திராட்சை வெட்டியாச்சா என்று மூன்று முறை கேட்டாய். பிறகு போனை அப்பாவிடம் கொடு என்றாய். அவர் போய் இரண்டு வருடமாகிறது, அழாதே ஆத்தா என்றேன். நீ அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாய்: "இந்தா, ஒனக்குப் பின்னாலதான நிக்கிறாக. என்னைய வான்னு கூப்புடுறாக."

நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனால் படுத்திருந்த நம் நாய் எழுந்து நின்று, சுவரைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் அது வாலாட்டியதில்லை என்பது உனக்கே தெரியும்.

தேனியில் ஒரு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூளை அதிர்ந்திருக்கிறது, அது ஆறுவதற்குள் தலையில் இன்னொரு அடி விழுந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார். நாயைப் பற்றிச் சொன்னபோது மட்டும் குனிந்து சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம், நீதான் கேப்டன். அரைக்கால் சட்டை போட்டு ஓடுகிறாள் என்று ஊர் சிரித்த காலத்திலிருந்து நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? ஆனாலும் இதே கடிதத்தை இன்னொரு பிரதி எழுதி, டாக்டரின் சீட்டோடு ஓவியா கையிலேயே உன் கோச்சுக்கும் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் கொடுத்த பிறகுதான் உன்னிடம் தர வேண்டும் என்று ஓவியாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது உன்னை அணியிலிருந்து எடுத்திருப்பார்கள்.

என்னைத் திட்டு. வருடக்கணக்கில் பேசாமலிரு, பரவாயில்லை. உயிரோடு வந்து கோபித்துக்கொள். அதுவரை மாதா உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். அப்பா மறுபடி கூப்பிட்டால் போய்விடாதே ஆத்தா. அம்மா விடமாட்டேன் என்றாள் என்று அவரிடமே சொல்.

உன்னைப் பெற்றவள்,
ஜெயமேரி