மீட்டர் காட்டும் மைல்

ஓப்பலூசா, லூசியானா
அக்டோபர் 7, திங்கள்

அன்பு மகன் லூசியனுக்கு,

ஆண்டவர் அருளால் ஹூஸ்டனில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் முழங்கால் பரவாயில்லை. உன் அப்பாவின் கல்லறையில் புல் வெட்ட ஆள் வைத்தேன். அரைகுறையாகச் செய்துவிட்டுப் போனான்.

நீ நிறுத்திவிட்டுப் போன நீலக் கார் மூன்று வாரமாக வாசல் பாதையை அடைத்துக்கொண்டிருக்கிறது. என் வண்டி அதற்குப் பின்னால் கொட்டகையில் மாட்டிக்கொண்டது. பூசைக்குப் போக அடுத்த வீட்டு வெர்லீனிடம் அவள் வண்டியில் இடம் கேட்க வேண்டியிருக்கிறது. "என்ன ஓடீல், கார் வியாபாரமா? கோடையிலேர்ந்து இது மூணாவதாச்சே!" என்று சிரிக்கிறாள்.

அழுக்குக் காரை என் வீட்டிலிருந்து அனுப்பக் கூடாது என்று வியாழனன்று துடைக்கப் போனேன். ஓட்டுநர் பக்கக் கதவின் உள்விளிம்பில் ஆயில் மாற்றிய கடையின் சீட்டு ஒட்டியிருந்தது. போன மார்ச் மாதத் தேதி. ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் மைல். மீட்டர் காட்டுவது அறுபத்தோராயிரம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

தொலைபேசியில் கேட்டேன். "மீட்டரக் கொறச்சு வைக்கிறது எல்லாரும் செய்யறதுதாம்மா. ஒரு கையெழுத்துதானே, கை வலிக்குதா?" என்றாய்.

அதன்பிறகுதான் காரின் உரிமைப் பத்திரத்தின் பின்பக்கத்தை முதல்முறையாகப் படித்தேன். விற்பவர் மீட்டரில் உள்ள எண்ணைத் தன் கையால் எழுத வேண்டும். அது உண்மையான ஓட்டம் இல்லையென்றால் அதற்கென்று உள்ள கட்டத்தில் குறி போட வேண்டும். பொய் சொன்னால் அபராதம், சிறை. முந்தைய இரண்டு கார்களுக்கும் நீ சொன்ன எண்ணை எழுதி, நீ விரல் வைத்த இடத்தில் கையெழுத்திட்டேன். கன்னியர் மடத்தில் பன்னிரண்டு வருடம் படித்தவள் நான்! பெற்ற பிள்ளை நீட்டும் தாளை யார் படித்துப் பார்ப்பார்கள்?

மூன்று பத்திரத்திலும் என் பெயர். உன் பெயர் எங்கும் இல்லை. ஏன் என்று இப்போது புரிகிறது.

நேற்று காரைப் பார்க்க வந்தவள் கோரின் என்ற செவிலி. அவள் தாயை வாரம் மூன்று முறை சிறுநீரகச் சிகிச்சைக்கு லஃபாயெட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். "மிஸ் ஓடீல், உங்கள மாதிரி பெரியவங்க ஓட்டின காருன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றாள். அதை நான் ஓட்டியதே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் குடிக்க ஐஸ் டீ வேண்டுமா என்றுதான் கேட்டேன். வெட்கக்கேடு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்திரம் வாங்க வருகிறாள். அந்தக் கட்டத்தில் குறி போட்டுத்தான் கொடுப்பேன். அதோடு முடியாது, முன்பு வாங்கிய இருவருக்கும் சொல்ல வேண்டும். பிறகு அதிகாரிகள் வருவார்கள். கையெழுத்து என்னுடையது என்பேன், அதற்கு நான் தயார். கார்களைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அவர்களுக்கு முன் நீயே வந்து சொல்லிவிடு, லூசியன். வெள்ளிக்கிழமை இறால் குழம்பு வைக்கிறேன். உன் அறையில் படுக்கை விரிப்பு மாற்றியாயிற்று.

வரும் வழியில் ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. அந்தக் கேள்விக்கு என்னைப் பதில் சொல்ல வைத்துவிடாதே, மகனே.

உன் அம்மா,
ஓடீல் தியெரியோ