ரேவதி அக்கா, அந்த மேடையில் நாங்கள் ஆடவில்லை

என் அன்பு ரேவதி அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. நல்ல சேதியோடு எழுத நினைத்திருந்தேன். கோபத்தோடுதான் எழுத வருகிறது.

போன சனிக்கிழமை நகரத்தில் பெரிய நடன விழா. வெள்ள ஆட்டத்தை ஆடச் சொல்லி நம் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். அனகாபுத்தூர் சந்துகளில் தண்ணீர் ஏறியபோது ஜனங்கள் எப்படி நடந்தார்கள் என்று பார்த்துப் பார்த்து நீங்கள் அமைத்தது. தலையில் கேஸ் சிலிண்டர், இடுப்பளவு தண்ணீரில் காலால் தரையைத் தேடுகிற அந்த நடை. இதே விழாக்காரர்கள்தான் அன்று, "இது டான்ஸே இல்லையே மேடம்" என்று உங்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

விழாக் கையேட்டில், குழுவைத் தொடங்கியவர் என்று யார் பெயர் தெரியுமா? மூன்று மாதம் லைட் போட்டுவிட்டு, பிறகு ஒத்திகை நடந்த தாம்பரம் ரொம்ப தூரம் என்று நின்றுபோனாரே, அந்த சார்! திருமுடிவாக்கத்தில் நான் வெல்டராக இருந்த பட்டறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் இரும்புத் தூளைக் கூட்டித் தள்ளிவிட்டு ஆடத் தொடங்கியவர்கள் மூன்றே பேர். பள்ளிக்கூட டீச்சர் நீங்கள், கோவளத்தில் மீன் விற்கிற கஸ்தூரி, நான். அப்போது அவர் எங்கே இருந்தார்?

மேடையேறி அவர் சொன்னார்: "இவங்களுக்கு டான்ஸ்னா என்னன்னே தெரியாது. நான்தான் கண்டுபிடிச்சு கொண்டுவந்தேன்." கைதட்டினார்கள். ஆடத் தயாராக என் பக்கத்தில் நின்ற கஸ்தூரி நேராக மேடைக்குப் போய்விட்டாள்.

"இன்னா சார், வாய் கூசாம பேசிக்கினு கீற? இது ரேவதி அக்கா கட்டின ஆட்டம். அக்கா செத்துப்போச்சுன்னா அது பேரும் செத்துடுமா?"

மைக்கை அணைத்தார்கள். அமைப்பாளர் என்னை ஓரமாக இழுத்து, "ஷோ முடியட்டும் சார், அடுத்த வருஷம் கரெக்ட் பண்ணிடலாம்" என்றார்.

"இப்பவே மேடையில சொல்லுங்க. உடனே ஆடறோம்" என்றேன்.

சொல்லவில்லை. நாங்களும் ஆடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கஸ்தூரி அழுதுகொண்டே வந்தாள். ஆடியிருக்க வேண்டுமோ, அக்கா?

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். நோட்டீஸில் குழுவின் பெயரை மட்டும் போடுவீர்கள். கேட்டால், "பேர்ல என்ன இருக்கு குமார், ஆட்டத்தைப் பாரு" என்பீர்கள். அந்தப் பெருந்தன்மைதான் அவருக்கு வசதியாகப் போய்விட்டது. அங்கே உங்களுக்கு இது உறைக்கிறதா?

வரும் ஞாயிறு அனகாபுத்தூரில், ஆற்றோரத் தெருவில் ஆடுகிறோம். தண்ணீரில் நடந்தவர்களே வாசலை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். தொடங்குமுன் உங்கள் பெயரைச் சொல்வோம். முடிந்ததும் சொல்வோம். நீங்கள் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும், உயிரோடு இருக்கும்வரை உங்கள் பேச்சைக் கேட்கமாட்டேன்.

கூடப் பிறக்காத உங்கள் தம்பி,
குமார்